திருவாரூர் தியாகராஜர் கோயில்: தலக்கதைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவாரூருக்குப் போய்வந்தவர்களும் போகக் கிளம்புபவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்தக் கோயிலைப் பற்றிய கதைகள் நாலைந்து இடங்களிலிருந்து வந்தவை: தேவாரம், பெரியபுராணம், தலபுராணம், கல்வெட்டு, பிறகு ஊரார் வாய்வழியாகச் சொல்வது. எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிளறிவிடாமல், எது எங்கே சொல்லப்படுகிறது என்பதையும் கூடவே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இங்கே மூலவர் யார்? வன்மீகநாதரா, தியாகராஜரா?

மூலவர் வன்மீகநாதர். தமிழில் புற்றிடங்கொண்டார். அவர் இருக்கும் சந்நிதிக்குத் திருமூலட்டானம் என்று பெயர். அதை ஒட்டித் தெற்கே இருக்கும் சந்நிதியில்தான் தியாகராஜர் இருக்கிறார். அவருக்கு வீதிவிடங்கர் என்றும் பெயர். சிவன், உமை, நடுவில் குழந்தை முருகன் என்ற சோமாஸ்கந்த வடிவம்.

ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் "தியாகராஜர் கோயில்" என்றுதான் சொல்வார்கள். தேர், திருவிழா, பாட்டு எல்லாம் அவரைச் சுற்றியே. முதல் தடவை வருபவர்கள் நேராகத் தியாகராஜரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது சகஜம். புற்றிடங்கொண்டாரையும் பார்த்துவிட்டு வாருங்கள். அப்பர் "திருமூலட்டானனே" என்று உருகியது அவரை நினைத்துத்தான்.

கோயில் எவ்வளவு பழையது?

இதே கேள்வியை அப்பரே கேட்டிருக்கிறார், அதுவும் ஒரு முழுப் பதிகமாக. உலகம் தொழ ஒருவனாய் நின்ற நாளிலா, காலனை உதைத்த நாளிலா, காமனை எரித்த நாளிலா, உமையைப் பாகத்தில் சேர்ப்பதற்கு "முன்னோ பின்னோ, திருவாரூர் கோயிலாக் கொண்ட நாளே" என்று அடுக்கிக்கொண்டே போகிறார். பதில் கிடையாது. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவருக்கே இந்தக் கோயில் காலம் தெரியாத பழமையாகத் தெரிந்திருக்கிறது என்பதுதான் நமக்குக் கிடைக்கும் செய்தி.

கல்லால் ஆன கட்டடம் வேறு கதை. கோயில் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் அரநெறி என்ற அசலேசுவரர் கோயிலைக் கற்றளியாக்கியவர் செம்பியன் மாதேவி, 10ஆம் நூற்றாண்டில். வீதிவிடங்கர் கோயிலைக் கல்லால் கட்டி அதற்குப் பொன் வேய்ந்தது முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில். அந்தத் திருப்பணியில் பரவை நங்கை என்ற பெண்ணுக்குப் பெரும் பங்கு. ராஜேந்திரனின் அணுக்கியார், அதாவது நெருக்கமானவர், என்று கல்வெட்டு அவரைக் குறிப்பிடுகிறது. அரசனும் அவரும் சேர்ந்து நின்று கும்பிட்ட இடம் தெரியும்படி அங்கே ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டதாகவும் கல்வெட்டுச் சொல்கிறது. சுந்தரரின் மனைவி பரவையார் வேறு, இவர் வேறு. ஒரே ஊரில் இரண்டு பரவை இருப்பதால் வழிகாட்டிகள்கூட இருவரையும் ஒருவராக்கிவிடுவார்கள், கவனம்.

அப்புறம், "கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி" என்று ஒரு பழைய சொலவடை. ஐந்து வேலி என்றால் ஏறக்குறைய 33 ஏக்கர். கமலாலயக் குளத்தின் கரையில் நின்று எதிர்க்கரையைப் பார்த்தால் இது வெறும் பேச்சு இல்லை என்று புரியும்.

புற்று எப்படிச் சிவலிங்கமானது?

தேவர்கள் ஒரு பெரிய வேள்வி நடத்தினார்கள். அதில் முதலிடம் பெற்ற திருமால், கையில் கிடைத்த வில்லின் வலிமையால் கர்வம் கொண்டு மற்றவர்களை விரட்டினார். பிறகு களைத்துப்போய் வில்லின் முனையில் தலையைச் சாய்த்து ஓய்ந்திருந்தபோது, தேவர்கள் செல்லாக, அதாவது கரையானாக மாறிப் புற்றிலிருந்து வந்து வில்லின் நாணை அரித்தார்கள். நாண் அறுந்து வில் விசையோடு நிமிர்ந்ததில் தலை துண்டானது. செய்த வினைக்கு அஞ்சிய தேவர்கள் சிவனைப் பணிய, அந்தப் புற்றையே இடமாகக் கொண்டு அவர் எழுந்தருளினார். திருமாலும் உயிர் பெற்றார்.

வேள்வி, வில், நாணை அரிக்கும் சிற்றுயிர்கள் என்ற இந்தக் கதையின் எலும்புக்கூடு வேத இலக்கியத்திலேயே உண்டு. சதபத பிராமணத்தில் இதைப் பார்க்கலாம். தலபுராணம் அதை எடுத்து ஆரூர் மண்ணில் நட்டிருக்கிறது. வைணவர்கள் இந்தக் கதையை ரசிக்கமாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். ஒவ்வொரு தலபுராணமும் தன் தெய்வத்தை ஒரு படி மேலே வைத்துத்தான் பேசும்.

பஞ்சபூதத் தலங்களில் மண் என்றால் காஞ்சிபுரமா, திருவாரூரா?

இரண்டையும் சொல்வார்கள். புற்று மண்தானே என்பது ஆரூர்க்காரர்களின் வாதம். ஆனால் ஆரூரிலேயே பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், பஞ்சலிங்கக் கீர்த்தனைகளில் மண்ணுக்குக் காஞ்சி ஏகாம்பரநாதரைத்தான் பாடினார். இதற்கு மேல் சண்டை வேண்டாம்.

தியாகராஜர் எங்கிருந்து வந்தார்? குரங்கு முக அரசன் கதை என்ன?

இந்தத் தலத்தின் ஆணிவேர் இந்தக் கதைதான். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பிள்ளை வேண்டித் திருமால் சிவனை நோக்கித் தவம் செய்தார். சிவன் உமையோடு வந்து நின்றார். திருமால் சிவனை வணங்கினார், உமையைக் கவனிக்கவில்லை. கோபம் கொண்ட அம்மை, "உனக்குப் பிறக்கும் பிள்ளை நெற்றிக்கண்ணுக்கு இரையாவான்" என்று சபித்துவிட்டாள். பிறந்தவன் மன்மதன். அவன் சாம்பலானது எல்லாருக்கும் தெரிந்த கதை. அம்மையின் மனம் குளிர, சிவனும் உமையும் முருகனும் சேர்ந்த வடிவத்தைச் செய்து திருமால் பூசித்தார். அதைத் தன் மார்பிலேயே வைத்துக்கொண்டு பாற்கடலில் பள்ளிகொண்டார். மூச்சு ஏறி இறங்கும்போதெல்லாம் மார்பின் மேல் இருந்த மூர்த்தியும் ஏறி இறங்கி ஆடியது. அந்த ஆட்டத்துக்குத்தான் அஜபா நடனம் என்று பெயர். வாயால் உச்சரிக்காமல் மூச்சோடு கலந்த மந்திரத்தின் ஆட்டம் என்பது பொருள். தில்லை நடராசரைப் போலக் காலைத் தூக்கி ஆடும் ஆட்டம் இல்லை இது. உட்கார்ந்தபடியே நடக்கும் ஆட்டம்.

அசுரர்களோடு போராடிய இந்திரனுக்குத் திருமால் அந்த மூர்த்தியைக் கொடுத்தார். அது தேவலோகம் போய்ச் சேர்ந்தது.

இப்போது முசுகுந்தன். கயிலையில் ஒரு வில்வ மரம். கீழே சிவனும் உமையும் இருக்க, மேலே ஒரு குரங்கு விளையாட்டாக இலைகளைப் பறித்துப் போட்டுக்கொண்டே இருந்தது. அன்று சிவராத்திரி. தெரியாமல் செய்த அந்த அர்ச்சனைக்குப் பலனாக, பூமியை ஆளும் சக்கரவர்த்தியாகப் பிறக்கும் வரம் கிடைத்தது. குரங்கோ, "அரசனானால் மறந்துவிடுவேன், இந்த முகம் மட்டும் அப்படியே இருக்கட்டும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அரச பதவி கிடைக்கும் நேரத்தில் கர்வம் வரும் என்று முன்கூட்டியே யோசிக்கிற குரங்கு!

முசுகுந்தச் சக்கரவர்த்தி வலன் என்ற அசுரனை வெல்ல இந்திரனுக்குத் துணை போனார். வெற்றிக்குப் பிறகு "என்ன வேண்டும்?" என்று இந்திரன் கேட்க, அவன் பூசித்த தியாகராஜரையே கேட்டுவிட்டார். கொடுக்க மனமில்லை, கொடுத்த வாக்கையும் மீற முடியவில்லை. தேவதச்சனைக் கொண்டு அச்சு அசலாக இன்னும் ஆறு மூர்த்திகளைச் செய்யச் சொல்லி, ஏழையும் வரிசையாக வைத்து, "எது வேண்டுமோ எடுத்துக்கொள்" என்றான் இந்திரன். எது மூலம் என்று முசுகுந்தர் சரியாகக் கண்டுபிடித்தார். எப்படி என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. செங்கழுநீர்ப் பூவின் மணம் காட்டிக்கொடுத்தது என்பார் சிலர், மூர்த்தியே புன்னகைத்தது என்பார் சிலர். தோற்றுப்போன இந்திரன் ஏழு மூர்த்திகளையும் கொடுத்தனுப்பினான். மூலத்தை ஆரூரில் வைத்தார் முசுகுந்தர், மற்றவற்றை ஆறு ஊர்களில்.

மற்ற ஆறு எங்கே இருக்கின்றன?

ஆரூரைச் சேர்த்து ஏழும் சப்தவிடங்கத் தலங்கள். விடங்கர் என்றால் உளி படாதவர். ஒவ்வொரு தலத்திலும் ஆட்டம் வேறு.

திருநள்ளாற்றில் நகரவிடங்கர் ஆடுவது உன்மத்த நடனம், அதாவது பித்தன் ஆட்டம். நாகப்பட்டினம் காரோணத்தில் சுந்தரவிடங்கர், கடலலை போன்ற பாராவார தரங்க நடனம். கடற்கரை ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் வேறு என்ன? திருக்காறாயிலில் (இப்போது திருக்காரவாசல் என்கிறார்கள்) ஆதிவிடங்கர், கோழி நடை போன்ற குக்குட நடனம். திருக்குவளையில் அவனிவிடங்கர், வண்டு சுற்றுவது போன்ற பிருங்க நடனம். திருவாய்மூரில் நீலவிடங்கர், காற்றில் அசையும் தாமரை போலக் கமல நடனம். வேதாரண்யத்தில் புவனிவிடங்கர், அன்னநடையாக ஹம்சபாத நடனம்.

இந்த ஆட்டங்கள் வெறும் பெயர்கள் இல்லை. ஆரூரில் தியாகராஜர் வெளியே எழுந்தருளும்போது, தூக்கிவரும் ஸ்ரீபாதம்தாங்கிகள் தண்டைத் தோளில் வைத்தபடி முன்னும் பின்னும், மேலும் கீழுமாக அசைந்து அசைந்து வருவார்கள். பூக்குவியலுக்கு நடுவே முகம் மட்டும் மெல்ல ஏறி இறங்கும். திருமாலின் மூச்சு என்று கதையில் படித்தது கண்ணெதிரே நடக்கும்.

ஏன் தியாகராஜரின் முகம் மட்டும் தெரிகிறது?

உடல் முழுவதும் துணியாலும் பூவாலும் மூடியிருக்கும். சிவன் முகமும் அம்மை முகமும் மட்டும்தான் தரிசனம். வருடத்தில் மார்கழித் திருவாதிரையில் ஒரு பாதமும் பங்குனி உத்திரத்தில் மற்றொரு பாதமும் காட்டப்படும். மற்றது எல்லாம் ரகசியம். தில்லைக்குச் சிதம்பர ரகசியம் என்றால் இங்கே சோமகுல ரகசியம் என்பார்கள். மூடியிருப்பதற்குள் ஸ்ரீசக்கரம் இருக்கிறது, அது இருக்கிறது, இது இருக்கிறது என்று பலவும் உலாவுகின்றன. மூடி வைத்ததை ஊகித்துப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை.

பாதம் காட்டுவதற்கு ஒரு கதை உண்டு. பதஞ்சலியும் வியாக்கிரபாதரும் ஆரூர் எல்லையில் தவம் இருந்து அஜபா நடனத்தையும் திருப்பாதத்தையும் கண்டார்கள் என்பது அது. ஊருக்குப் பக்கத்திலேயே விளமலில் பதஞ்சலி மனோகரர் கோயில் இருக்கிறது, அந்தக் கதையின் இடம் அதுதான்.

மாலைப் பூசைக்கு இந்திரன் வருவான் என்கிறார்களே?

ஆமாம், அது இங்கே உறுதியான நம்பிக்கை. தியாகராஜரைக் கொடுத்துவிட்ட இந்திரன் தினமும் சாயரட்சைப் பூசைக்குத் தேவர்களோடு வந்து கும்பிட்டுப் போகிறான் என்பார்கள். தன் கையால் கொடுத்ததை மறக்க முடியாமல் வருகிறவன் என்று நினைத்தால் இந்திரன்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வருகிறது. ஒரே ஒரு வேளைதான் இருக்க முடியும் என்றால் மாலையைத் தேர்ந்தெடுங்கள்.

நந்தி ஏன் நின்றுகொண்டிருக்கிறது?

வேறு கோயில்களில் படுத்திருக்கும் நந்தி, தியாகராஜர் முன்னால் எழுந்து நிற்கும். காரணமாக ஊரில் சொல்வது இது: சுந்தரருக்காகச் சிவன் நள்ளிரவில் தூது கிளம்பியபோது, வாகனத்துக்குக் காத்திராமல் நடந்தே போய்விட்டார். அன்றுமுதல் "அடுத்த தடவை கூப்பிட்டால் உடனே கிளம்ப வேண்டும்" என்று நந்தி தயாராக நிற்கிறது. பெரியபுராணத்தில் நந்தி பற்றிய இந்தச் செய்தி இல்லை. ஊர் சேர்த்துக்கொண்டது. ஆனால் அந்தத் தூது பெரியபுராணத்தில் விரிவாகவே வருகிறது.

சரி, அந்தத் தூதுக் கதை என்ன? கடவுளா தூது போனார்?

இரண்டு தடவை போனார்!

சுந்தரர் திருநாவலூரில் பிறந்தவர். ஆரூருக்கு வந்தபோது, "இவன் நம் தோழன்" என்று சிவனே அறிவித்ததால் தம்பிரான் தோழர் ஆனார். இங்கேதான் பரவையாரைக் கண்டு மணந்தார். பிறகு திருவொற்றியூர் போனவர் அங்கே சங்கிலியாரைக் கண்டு, "உன்னைப் பிரியமாட்டேன்" என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து அவரையும் மணந்தார். வசந்த காலம் வந்தது. ஆரூர்த் திருவிழாவும் பரவையும் நினைவுக்கு வர, சத்தியத்தை மீறிக் கிளம்பினார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின.

தடுமாறித் தடுமாறி வந்தவருக்குக் காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. ஆரூருக்கு வந்து சேர்ந்ததும் அந்த ஊரிலேயே இருக்கும் பரவையுண்மண்டளி என்ற கோயிலில் ஒரு பதிகம் பாடினார். பிறகு திருமூலட்டானத்தில் நின்று பாடியதுதான் "மீளா அடிமை" என்று தொடங்கும் பதிகம். "உமக்கே அடிமையாய் இருக்கும் நாங்கள் துன்பத்தைச் சொல்லி நிற்க, நீர் பேசாமல் இருந்தால், வாழ்ந்து போதீரே" என்கிறார். நீங்களாவது நன்றாக இருங்கள் சாமி, என்று சலித்துக்கொண்டு சொல்வது போன்ற தொனி. தோழமை இருந்தால்தான் இப்படித் திட்ட முடியும். வலக்கண்ணும் வந்தது.

கண் வந்ததே தவிர, வீடு திறக்கவில்லை. ஒற்றியூர்ச் செய்தி பரவையாருக்கு எட்டியிருந்தது. "அவர் இங்கே வந்தால் உயிரை விடுவேன்" என்றார். சுந்தரர் வேறு யாரிடம் போவார்? சிவனிடமே போய், "நீர் தோழர்தானே, போய்ச் சமாதானம் செய்யும்" என்றார். கோயிலில் பூசை செய்யும் ஆதிசைவர் வேடத்தில் நள்ளிரவில் சிவன் பரவையார் வீட்டுக் கதவைத் தட்டினார். நடக்கவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார் பரவையார். தோழன் மறுபடியும் கெஞ்ச, இந்தத் தடவை வேடம் இல்லாமல் பூதகணங்களும் தேவர்களும் சூழத் தன் உருவிலேயே போனார். பரவையார் நடுங்கி, இணங்கினார்.

திருவாரூரின் தெருக்களில் இறைவன் இரண்டு தடவை கால் பதிய நடந்தார் என்பதை இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பெருமிதம் வேறு. அவருக்கு வீதிவிடங்கர் என்ற பெயர் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். கணவனை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று கடவுளையே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிய பெண்ணைப் பற்றி மட்டும் ஏனோ குறைவாகவே பேசுகிறார்கள்.

பெரியபுராணத்துக்கு ஆரூர்தான் மூலம் என்பது உண்மையா?

உண்மை. கோயிலில் தேவாசிரிய மண்டபம் என்ற பெரிய மண்டபம் இருக்கிறது. ஒருநாள் அங்கே அடியார்கள் கூடியிருக்க, சுந்தரர் அவர்களுக்கு வணக்கம் சொல்லாமல் உள்ளே போனார். விறன்மிண்டர் என்ற அடியாருக்குக் கோபம். "இவனும் நமக்குப் புறம்பு, இவனை ஆண்ட சிவனும் புறம்பு" என்று சொல்லிவிட்டார். சுந்தரர் உள்ளே போய் முறையிட, "தில்லைவாழ் அந்தணர்தம் அடியார்க்கும் அடியேன்" என்று சிவன் முதலடியை எடுத்துக்கொடுத்தார். அதைத் தொடர்ந்து சுந்தரர் பாடியது திருத்தொண்டத்தொகை. அதை நம்பியாண்டார் நம்பி விரித்தார், சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணமாக்கினார். ஒரு மண்டபத்தில் நடந்த மனஸ்தாபம் இல்லாவிட்டால் நமக்கு 63 நாயன்மார் வரலாறு இல்லை.

ஆற்றில் போட்ட பொன் குளத்தில் கிடைத்ததா?

சுந்தரருக்குத் திருமுதுகுன்றத்தில், அதாவது விருத்தாசலத்தில், 12,000 பொன் கிடைத்தது. அதைத் தூக்கிக்கொண்டு வழிநடப்பது ஆபத்து என்பதால், இறைவன் சொன்னபடி அங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு ஆரூருக்கு வந்து கமலாலயத்தில் தேடினார். பரவையார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுகிறாரே என்று அவருக்குச் சிரிப்பு. உடனே கிடைக்கவில்லை. "இவள் முன்னால் என் மானம் போகிறதே" என்கிற மாதிரி சுந்தரர் பாடிய பிறகு பொன் வந்தது. உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைவு. மறுபடியும் பாடினார், மாற்றுச் சரியானது. குளக்கரையில் மாற்றுரைத்த விநாயகர் இருக்கிறார். பொன்னை உரைத்துத் தரம் சொன்னவர் அவர்தான் என்பார்கள்.

நெல் கதையும் இதே ரகம். குண்டையூர்கிழார் கொடுத்த நெல்மலையைத் திருக்கோளிலிப் (இப்போதைய திருக்குவளை) பதிகம் பாடிப் பூதங்களைக் கொண்டு ஆரூருக்கு அனுப்பினார் சுந்தரர். விடிந்து பார்த்தால் நடக்க வழியில்லாமல் தெருவெல்லாம் நெல். "அவரவர் வாசலில் கிடப்பது அவரவருக்கு" என்று பரவையார் பறையறைவித்தார்.

மனுநீதிச் சோழன் உண்மையில் ஆரூரை ஆண்டவனா?

கதை தெரிந்ததே: இளவரசன் வீதிவிடங்கனின் தேரில் கன்று அடிபட்டுச் சாக, தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மகனைத் தேர்க்காலில் இடும்படி அரசன் சொன்னதும், அதைச் செய்ய மனமில்லாத அமைச்சன் உயிரைவிட்டான். அரசன் தானே தேரை ஓட்டினான். சிவன் தோன்றி எல்லாரையும் எழுப்பினார். கோயிலுக்கு வெளியே வடகிழக்குப் பக்கத்தில் கல்தேரும் பசுவும் கன்றுமாக இந்தக் காட்சி சிற்பமாக இருக்கிறது. பலரும் பார்க்காமலே பேருந்து ஏறிவிடுகிறார்கள்.

ஆனால் சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியனிடம் இந்தச் சோழனைச் சொல்லும்போது, அவன் ஊரைப் புகார் என்கிறாள். ஆரூரில் நடந்ததாகச் சொல்வது பெரியபுராணம். அதற்குச் சற்று முன்பே விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இந்தக் கோயிலிலேயே இந்தக் கதையைச் சொல்கிறது. ஆக, 12ஆம் நூற்றாண்டில் கதை ஆரூரில் ஊன்றிவிட்டது. இலங்கையின் மகாவம்சத்திலும் எல்லாளன் மன்னனைப் பற்றி இதே கதை. எங்கே நடந்தது என்று சாதிப்பதைவிட, சோழ நாட்டார் எல்லாரும் தங்கள் அரசன் இப்படித்தான் இருந்தான் என்று சொல்லிக்கொள்ள விரும்பினார்கள் என்று எடுத்துக்கொள்வது மேல்.

"திருவாரூரில் பிறக்க முக்தி" என்பது எதனால்?

நாயன்மார்களில் ஒருவரான நமிநந்தியடிகள் கதையைப் பாருங்கள். தியாகராஜர் திருமணலி என்ற ஊருக்கு எழுந்தருளினார். எல்லாச் சாதியாரும் கலந்து கூட்டமாகப் போனார்கள், நமிநந்தியும் போனார். வீடு திரும்பியதும், பலரோடு கலந்து தீட்டாகிவிட்டது, குளித்துவிட்டுத்தான் பூசை என்று வெளியே படுத்துவிட்டார். கனவில் இறைவன் வந்து, "ஆரூரில் பிறந்தவர் எல்லாரும் நம் கணங்கள். நாளைக்குப் பார்" என்றார். மறுநாள் போனால் ஊரில் இருக்கிற எல்லாரும் சிவவடிவாகத் தெரிகிறார்கள். விழுந்து கும்பிட்டு, அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். தீட்டு என்ற எண்ணத்துக்கு 12ஆம் நூற்றாண்டு நூலிலேயே இப்படி ஒரு பதில் இருக்கிறது.

ஊரார் இதற்கு ஒரு வால் சேர்த்திருக்கிறார்கள். ஆரூரில் பிறந்தவர்கள் எல்லாரும் முக்தி அடைந்துவிட்டால் எமனுக்கு என்ன வேலை? வேலையில்லாமல் போன எமன் இங்கேயே சண்டிகேசுவரர் இடத்தில் உட்கார்ந்துவிட்டானாம். எம சண்டிகேசுவரர் என்று தனியாகவே இருக்கிறார்.

தண்ணீரில் விளக்கு எரிந்ததாகச் சொல்கிறார்களே?

அதுவும் நமிநந்தியடிகள்தான். அரநெறியில் விளக்கேற்ற எண்ணெய் இல்லை. பக்கத்தில் இருந்த சமணர் வீட்டில் கேட்டதற்கு, "கையில் நெருப்பை வைத்திருக்கும் உங்கள் சாமிக்கு விளக்கு எதற்கு? வேண்டுமானால் தண்ணீரை ஊற்றி எரியுங்கள்" என்று கேலி செய்தார்கள். குளத்து நீரை மொண்டு ஊற்றினார், எரிந்தது. கண் தெரியாத தண்டியடிகள், கயிறு கட்டி அதைத் தடவிக்கொண்டே கமலாலயத்தைத் தூர்வாரிய கதையிலும் எதிர்ப்பக்கம் சமணர்தான். அவருக்குக் கண் வந்தது. சைவமும் சமணமும் மோதிக்கொண்ட காலத்தில், ஒரு பக்கத்தார் சொன்ன கதைகள் இவை. அந்த நினைவோடு படிக்க வேண்டும்.

கடுமையான கதையும் இங்கே உண்டு. பூமண்டபத்தருகே விழுந்து கிடந்த பூவை எடுத்து மோந்த பல்லவ அரசியின் மூக்கைச் செருத்துணை நாயனார் அறுத்தார். அரசர் கழற்சிங்கரோ, பூவை எடுத்த கைதானே முதல் குற்றவாளி என்று அதையும் வெட்டினார். பக்தியின் தீவிரம் என்று உரைகாரர்கள் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அந்த அரசியின் நினைவுதான் வருகிறது.

அம்மன் சந்நிதி எத்தனை?

முக்கியமாக இரண்டு. கமலாம்பிகை தனிக்கோயிலில் யோக நிலையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கிறாள். நீலோத்பலாம்பாள் என்ற அல்லியங்கோதை நின்ற கோலம். பக்கத்தில் தோழி ஒருத்தி குழந்தை முருகனை இடுப்பில் வைத்திருக்க, அம்மையின் கை பிள்ளையைத் தொட்டபடி இருக்கும். அவசரத்தில் கும்பிட்டுவிட்டு நகர்ந்தால் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவீர்கள். முத்துசுவாமி தீட்சிதரின் நவாவரணக் கீர்த்தனைகள் கமலாம்பிகைமேல் பாடியவை. அவர் பிறந்த 1775க்கு முன்பே சியாமா சாஸ்திரி (1762), தியாகராஜர் (1767) இருவரும் இதே ஊரில் பிறந்திருந்தார்கள். திருவையாற்றுத் தியாகராஜருக்குப் பெயர் கொடுத்தவரே இந்தச் சாமிதான்.

ஆழித்தேருக்கும் கதை உண்டா?

அப்பரே "ஆழித்தேர் வித்தகனை நான் கண்டது ஆரூரே" என்று பாடியிருக்கிறார், அதற்கு மேல் கதை தேவையா? அலங்காரம் முடிந்த தேரின் உயரம் 96 அடி, எடை 300 டன் அளவில். பல வருடம் ஓடாமல் நின்று 1970இல் மறுபடியும் ஓடியது. திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் இப்போது உண்டு. இருந்தாலும் வீதி முனையில் திருப்புவதற்குச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் ஆட்களின் கைத்திறன்தான் இன்றைக்கும் நம்பிக்கை. "ஆரூரா, தியாகேசா" என்ற குரலோடு வடம் இழுப்பார்கள். பங்குனியில் வரும் இந்த நாளுக்குக் கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள்.

நவக்கிரகங்கள் ஒரே வரிசையில் நிற்பது ஏன்?

தியாகராஜருக்குக் கட்டுப்பட்டு, வக்கிரம் இல்லாமல் ஒரே கோட்டில் நிற்கின்றன என்பது ஊர் வழக்கு.

ஏழு விடங்கத் தலங்களையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

கார் இருந்தால் முடியும், ஆனால் ஓட்டமாக இருக்கும். வேதாரண்யம் தெற்கே தொலைவில் இருக்கிறது, திருநள்ளாறு காரைக்கால் பக்கம். கோயில்கள் நண்பகலில் நடைசாத்துவதையும் கணக்கில் வையுங்கள். காலையில் திருநள்ளாற்றில் தொடங்கி நாகப்பட்டினம், வேதாரண்யம் பார்த்துவிட்டு, மாலையில் திருவாய்மூர், திருக்குவளை, திருக்காரவாசல் வழியாக ஆரூருக்கு வரலாம். ஆனால் அப்படி வந்தால் சாயரட்சை தவறிப்போக வாய்ப்பு அதிகம். இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டு, முதல் நாள் மாலையை ஆரூருக்கென்று ஒதுக்கிவிடுவதுதான் என் யோசனை.